பயமா இருக்கு என்று சொல்லும் டீச்சர்

“எனக்குப் பயமா இருக்கு” என்பதை, பசிக்கிறது என்று சொல்வதைப்போலச் சொல்லக்கூடிய ஒருவரைத்தான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். சொன்னபிறகு அசட்டுச் சிரிப்பு சிரிக்கமாட்டார். குரலைத் தாழ்த்தமாட்டார். பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவும் மாட்டார்.

சிங்கப்பூரில், செங்காங்கில் உள்ள என் வீட்டிலிருந்து காரில் பத்து நிமிடம் போனால், சின்னப் படகு வைத்திருப்பவர்களுக்கான படகுத்துறை ஒன்று வரும். ஜொகூர் நீரிணையைப் பார்த்த துறை. எதிரே மலேசியக் கரை, வலப்பக்கம் சற்றுத் தூரத்தில் புலாவ் உபின் தீவு. அங்கே எல்லாரும் அவரை டீச்சர் என்றார்கள். மலாய்க்காரர்கள் அதையே தங்கள் மொழியில் சிக்கு என்றார்கள். ஆங் மோ கியோவில் ஒரு பாலர் பள்ளியில் நாலு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது இளையவர், அப்போது நாற்பது இருக்கும். என்னை அண்ணே என்பார். நானும் டீச்சர் என்றே கூப்பிட்டேன்.

அவரை முதலில் பார்த்தது, என் சொந்தப் படகு மூழ்கிக்கொண்டிருந்தபோது.

நானும் என் மச்சினன் குமரனும் சேர்ந்து, யாரோ வைத்திருந்து விற்ற பதினாறடி ஃபைபர் படகொன்றை வாங்கியிருந்தோம். இருவருக்கும் மீன்பிடிக்கும் ஆசை. இருவரும் தேர்வெழுதிப் படகு ஓட்டும் உரிமமும் வாங்கியாயிற்று. முதல்நாள், படகை இறக்கும் சிமெண்டுச் சரிவில் ட்ரெய்லரைப் பின்னால் விட்டு, படகைத் தண்ணீரில் தள்ளி, உள்ளே ஏறி உட்கார்ந்தோம். குமரன் பெருமையாக ஒரு செல்ஃபி எடுத்தான். எடுத்து முடித்துவிட்டுக் கீழே பார்த்தான்.

“மச்சான், என் ஷூ நனையுது.”

மேலே நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி, கையில் ஒரு வாளியோடு வந்தது டீச்சர்தான்.

“பிளக் எங்கண்ணே?”

“என்ன பிளக்?”

படகின் பின்பக்கம் அடியில், உள்ளே சேரும் தண்ணீர் வடிவதற்கு ஓர் ஓட்டை இருக்கும். கரையில் நிற்கும்போது திறந்து வைப்பார்கள், தண்ணீரில் இறக்கும்முன் கட்டைவிரல் அளவு மூடியால் அடைப்பார்கள். எங்களுடைய மூடி காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. டீச்சர் உள்ளங்கையை வைத்து ஓட்டையைப் பொத்திக்கொண்டார். குமரன் காருக்கு ஓடினான். நான் வாளியால் இறைத்தேன். மேலே சிரிப்பு நிற்கவில்லை.

டீச்சர் தலையைத் தூக்கி, வகுப்பில் பேசும் குரலில் சொன்னார். “எனக்கு இது ரெண்டு தடவ ஆயிருக்கு. ரெண்டாவது தடவ எங்க பிரின்சிபாலும் படகுல இருந்தாங்க. இப்பல்லாம் பிளக்கையும் சாவியையும் ஒரே கயித்துல கட்டி வச்சிருக்கேன். அப்பவும் எனக்குப் பயம்தான், மூணாவது தடவ வருமோன்னு.”

சிரித்தவர்களில் இருவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்கும் ஆகியிருக்கிறது என்று பின்னால் தெரிந்தது.

அவருடைய படகு எங்களுடையதைவிடச் சின்னது. வெள்ளை உடம்பில் நீலக் கோடு போட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அதைக் கிளப்புவதைப் பார்க்க எனக்குப் பொறுமை வேண்டியிருந்தது. முதலில் குனிந்து, பெட்ரோல் டேங்க் இருக்கும் பெட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார். வாடை அடித்தால் அன்றைக்குச் சாவியைத் தொடமாட்டார். பெட்ரோல் போகும் ரப்பர்க் குழாயை விரல்களால் தடவிக்கொண்டே போவார், எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று. குழாயை இறுக்கும் வளையங்களில் துருப்புள்ளி தெரிந்தால் அன்றே மாற்றுவார். பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பழைய பல்துலக்கியால் தேய்ப்பார். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அதன் பக்கவாட்டிலிருந்து மெல்லிய தாரையாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால்தான் குளிர்ந்த நீர் உள்ளே ஓடுகிறது, சூடாகிப் பழுதாகாது என்று அர்த்தம். டீச்சர் எட்டிப் பார்த்து, “உச்சா போறான், நல்லா போறான்” என்பார். பாலர் பள்ளிப் பேச்சு அவரை எங்கேயும் விடாது.

கடைசியாக, ஒரு சிவப்புச் சுருள் கயிற்றின் ஒரு முனையைத் தன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டிக்கொள்வார். மறுமுனை இன்ஜின் சுவிட்சில் இருக்கும். ஓட்டுபவர் தூக்கியெறியப்பட்டால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றுவிடும். எல்லாப் படகிலும் அது உண்டு. பெரும்பாலானவர்கள் அதைச் சுவிட்சிலேயே தொங்கவிட்டுவிடுவார்கள், நானும்தான்.

அங்கே பெரிய படகு வைத்திருந்த தொழிலதிபர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் எல்லாரையும் சீண்டுவார். ஒருநாள் டீச்சர் மோந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, “இவ்வளவு பயம்னா வீட்டிலயே இருக்கலாம்லா டீச்சர்?” என்றார்.

“பயமாத்தான் சார் இருக்கு. அதான் வாராவாரம் பார்த்துப் பார்த்துப் போறேன். உங்க படகு போன மாசம் எத்தன தடவ வெளிய போச்சு?”

ஒரு தடவைகூடப் போகவில்லை. அந்தத் துறையில் டீச்சர் அளவுக்குக் கடலுக்குப் போனவர்கள் மூன்று நான்கு பேர்தான். இதை நான் பின்னால்தான் கவனித்தேன்.

இன்னொரு நாள் அவருடைய சக ஆசிரியை ஒருவர், ஊரிலிருந்து வந்திருந்த தன் அப்பாவை உபின் சுற்றிக்காட்ட அழைத்து வந்திருந்தார். எழுபது வயதுப் பெரியவர், நாகப்பட்டினத்துக்காரர். லைஃப் ஜாக்கெட்டை நீட்டியதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நான் கடல்லயே பொறந்து வளந்தவன்மா. எனக்குப் போயி இதையா?”

வேறு யாராக இருந்தாலும் அங்கே சட்டம் பேசுவார்கள், இல்லையென்றால் விட்டுவிடுவார்கள். டீச்சர் படகின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். “ஐயாவுக்குப் பயம் இல்ல, தெரியுது. எனக்குத்தான் இருக்கு. நீங்க விழுந்துட்டா நான் எப்படித் தூக்குவேன்? என் கையப் பாருங்க. எனக்காகப் போட்டுக்கறீங்களா?”

பெரியவர் அவருடைய மெலிந்த கையைப் பார்த்தார். ஜாக்கெட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். சாயங்காலம் நான் டீச்சரிடம், நல்ல தந்திரம் என்றேன்.

அவர் புரியாமல் பார்த்தார். “தந்திரம் என்னண்ணே? நெசமாவே பயமா இருந்துச்சு.”

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் மருத்துவமனையில் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுப்பவன். ஒரு குறுகிய குழாய்க்குள் ஆளைப் படுக்கவைத்து உள்ளே அனுப்புவது என் வேலை. மூடிய இடமென்றால் பயமா என்று முதலில் கேட்போம். பெண்கள் பாதிப்பேர் ஆமாம் என்பார்கள். ஆண்கள் எல்லாரும் இல்லை என்பார்கள். பிறகு உள்ளே போய் இரண்டாவது நிமிடத்தில் கையிலிருக்கும் ரப்பர் மணியை நசுக்குவார்கள். வெளியே எடுத்தால், தோள் வலிக்கிறது, மூக்கு அரிக்கிறது என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். இருபது வருடமாக இதைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டவன் நான். நானும் அந்த வரிசையில்தான் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பழக ஆரம்பித்து ஆறேழு மாதத்தில் டீச்சர் என்னிடம் ஓர் உதவி கேட்டார். கடலுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், எங்கே போகிறார், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவார் என்று கரையிலிருக்கும் ஒருவருக்குச் செய்தி அனுப்புவார். திரும்பியதும் இன்னொரு செய்தி. அதுவரை அந்த வேலையைச் செய்துவந்த தோழி பெர்த்துக்குக் குடிபோய்விட்டார். இனி நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்றார்.

“உங்க வீட்டுக்காரர் இருக்காரே?”

“அவரா? நாலு மணின்னு சொன்னா மூணரைக்கே போலீசக் கூப்பிட்டுருவாரு.”

அவருடைய கணவரை எனக்குத் தெரியும். மின்தூக்கி பழுதுபார்ப்பவர். இருபத்தைந்து மாடிக் கட்டடத்தில், மின்தூக்கிப் பெட்டியின் கூரைமேல் நின்றுகொண்டு வேலை செய்வார். ஆனால் தண்ணீர் என்றால் ஆகாது. உபினுக்குப் போகும் பத்து நிமிடப் படகில்கூட ஏறமாட்டார். மனைவியை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார். துறைக்குள் ஒருநாளும் வந்ததில்லை.

நான் சரி என்றேன். டீச்சர் ஒரு தாளைக் கொடுத்தார். படகின் நிறம், பதிவு எண், லைஃப் ஜாக்கெட்டின் நிறம், படகில் என்னென்ன இருக்கின்றன எல்லாம் எழுதியிருந்தது.

“நாலு மணின்னா நாலு மணிண்ணே. மெசேஜ் வரலேன்னா எனக்குப் போன் பண்ணுங்க. எடுக்கலேன்னா, அஞ்சு நிமிஷம் பாத்துட்டு, நாலு அஞ்சுக்குக் கோஸ்ட் கார்டுக்குப் பண்ணிடுங்க, கடல் போலீசுக்கு. டீச்சர் எங்கயாச்சும் காப்பி குடிச்சிக்கிட்டு இருப்பாங்கன்னு நீங்களா நெனச்சுக்கக் கூடாது.”

“அப்படியே காப்பி குடிச்சிக்கிட்டு இருந்தீங்கன்னா?”

“இருந்தா நான் திட்டு வாங்கிக்கறேன். அது என் பாடு.”

ஏறக்குறைய ஒரு வருடம் அந்தச் செய்திகள் வந்துகொண்டிருந்தன. சொன்ன நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் முன்னதாகவே, கரை ஏறியாச்சு என்று வந்துவிடும். பழகிப்போய், சில வாரங்களில் நான் பார்க்கக்கூட மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் பெரியப்பா பேத்தியின் கல்யாணம். சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில் ஒரு மண்டபம். பத்தரை மணிக்குப் பந்தி தொடங்கும்முன் செய்தி வந்தது: “கிளம்பறேன். நான் மட்டும். உபின் கிழக்கு முனை. நாலு மணி.” கட்டைவிரல் படம் போட்டுவிட்டு சட்டைப்பையில் வைத்தேன்.

நாலு மணிக்கு நான் அதை நினைத்தேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மறந்துபோயிருந்தால்கூட என்னால் என்னை மன்னித்துக்கொள்ள முடிந்திருக்கும். மாலை வரவேற்புக்கு மேடையில் குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போனைப் பார்த்தேன். செய்தி இல்லை. கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மழைக்காக எங்கேயாவது ஒதுங்கியிருப்பார், போனில் சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்தேன். அவர் எதை நினைக்கக்கூடாது என்று சொன்னாரோ அதையேதான் நினைத்தேன்.

நாலு ஐந்துக்குக் கோஸ்ட் கார்டின் எண்ணைத் திரையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். சுற்றிலும் சொந்தக்காரர்கள். நான் போலீசைக் கூப்பிட்டு, ஒரு பெண்ணைக் காணவில்லை என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொல்ல, எல்லாரும் திரும்பிப் பார்க்க, அடுத்த நிமிடமே டீச்சரிடமிருந்து செய்தி வந்தால்? துறையில் அந்தக் கதை ஒரு வருடத்துக்கு ஓடும். இப்படித்தான் யோசித்தேன். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்றேன். பிறகு இன்னொரு பத்து நிமிடம்.

நாலரைக்கு அவருடைய கணவர் கூப்பிட்டார்.

“அண்ணே, அவ வந்துட்டாளா? போன் போக மாட்டேங்குது.”

“ஒண்ணும் இருக்காது சார். வந்துட்டிருப்பாங்க. சார்ஜ் இல்லாம இருக்கும்.”

“அப்படீங்கறீங்களா?”

“ஆமா சார். நான் பார்த்துக்கறேன்.”

அவர் குரல் தெளிந்ததை என்னால் கேட்க முடிந்தது. அந்தத் தெளிவுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. வாசலுக்கு வந்தேன், மறுபடி டீச்சருக்குப் போட்டுப் பார்த்தேன், படகுத்துறைக்குப் போட்டேன். துறையில் எடுத்தவர் கீழே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டு, டீச்சருடைய ட்ரெய்லர் காலியாக நிற்கிறது, படகு வரவில்லை என்றார். நான் கோஸ்ட் கார்டுக்குப் போன் செய்தபோது மணி நாலு ஐம்பத்திரண்டு. நேரம் என் போனில் இன்னும் இருக்கிறது. அழிக்கவில்லை.

எதிர்முனையில் பேசிய இளைஞர் என்னைக் கேலி செய்யவில்லை. படகின் நிறம் கேட்டார், எண் கேட்டார், எங்கே போனார், என்ன உடுத்தியிருந்தார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. டீச்சர் கொடுத்த தாளைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

நடந்தது இதுதான். முந்தினநாள் பெய்த பெருமழையில் ஜொகூர்ப் பக்கத்து ஆறுகளிலிருந்து மரக்கட்டைகள் நீரிணைக்குள் வந்திருந்தன. இரண்டரை மணிவாக்கில், பாதி மூழ்கிக் கிடந்த ஒரு கட்டையில், தண்ணீருக்குள் இருக்கும் இன்ஜினின் அடிப்பகுதி மோதியது. படகு துள்ளியது, டீச்சர் வெளியே விழுந்தார். சிவப்புக் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் நின்றது. அது நின்றிருக்காவிட்டால் படகு வட்டமடித்து அவர் மேலேயே வந்திருக்கும் என்று கோஸ்ட் கார்டுக்காரர்கள் சொன்னார்கள். ஆனால் விழுந்ததில் தோள்மூட்டு விலகிவிட்டது. ஒரு கையால் நீந்திப் படகை எட்ட முடியவில்லை. ரேடியோ படகில் இருந்தது. கழுத்தில் தொங்கிய போன் உறையோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தூறலில் பக்கத்தில் படகு எதுவும் இல்லை. படகு நீரோட்டத்தில் ஒரு பக்கம் போனது, இவர் ஒரு பக்கம் போனார்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அவரைக் கண்டுபிடித்தார்கள். லைஃப் ஜாக்கெட்டில் மாட்டியிருந்த விசிலை அவர் ஊதிக்கொண்டே இருந்திருக்கிறார். இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இருட்டியிருக்கும்.

மருத்துவமனை வார்டில் டீச்சர் தூங்கிக்கொண்டிருந்தார். உதடு உப்பில் வெடித்திருந்தது. கணவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்க கூப்பிட்டதாலதான் அண்ணே. நீங்க மட்டும் கூப்பிடலேன்னா...”

நான் கையை இழுத்துக்கொண்டிருக்க வேண்டும். இழுக்கவில்லை. பரவாயில்லை சார் என்றேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

தோள் குணமாக மூன்று மாதம் ஆயிற்று. அதற்கப்புறமும் டீச்சர் துறைக்கு வரவில்லை. மீன் பண்ணை ஒன்றின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்த அவருடைய படகைக் கட்டியிழுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். யாரும் கேட்காமலே நானும் குமரனும் அதைப் பார்த்துக்கொண்டோம். வளைந்த ப்ரொபெல்லரை மாற்றினோம். இன்ஜினுக்குள் நல்லதண்ணீர் விட்டு ஓட்டி உப்பைக் கழுவினோம். பேட்டரியைக் கழற்றி சார்ஜ் போட்டு வைத்தோம். வாராவாரம் செய்தேன். குமரன், “மச்சான், நம்ம படகக்கூட நீங்க இப்படிப் பார்த்ததில்ல” என்றான். ஏன் என்று அவனுக்கும் நான் சொல்லியிருக்கவில்லை.

டீச்சரைப் போனில் கேட்டால், “டைம் இல்லண்ணே, ஸ்கூல்ல கான்சர்ட் வருது” என்பார்.

“பயமா இருக்கா டீச்சர்?”

“சேச்சே. பயமெல்லாம் இல்ல.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அடுத்த சனிக்கிழமை தேக்கா சந்தைக்குப் போனேன். காய்கறி வாங்க அவர் அங்கே வருவார் என்று தெரியும். முருங்கைக்கீரையும் தேங்காயும் நிறைந்த பையோடு வந்தவரை நிறுத்தி, மேசை பிடித்து உட்காரவைத்து, இரண்டு தேத்தண்ணி வாங்கினேன். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லிவிட்டேன். நாலு ஐந்துக்கு எண்ணைக் கையில் வைத்திருந்தது, கூப்பிடாமல் நின்றது, அவருடைய கணவரிடம் சொன்ன பொய், நாலு ஐம்பத்திரண்டு.

அவர் பையைக் கீழே வைத்தார். பிறகு, “ஏண்ணே?” என்றார்.

“வெட்கமா இருந்துச்சு. ஒண்ணும் இல்லாமப் போயிட்டா சிரிப்பாங்கன்னு.”

“யாரு சிரிப்பா?”

ஒரு பெயர்கூட எனக்கு வாயில் வரவில்லை.

“நான் தண்ணிக்குள்ள வாட்ச்சப் பார்த்துக்கிட்டே இருந்தேண்ணே. நாலு ஆச்சு. நாலு அஞ்சு ஆச்சு. இப்ப அண்ணன் கூப்பிட்டுருப்பாரு, அரை மணியில வந்துருவாங்க, அதுவரைக்கும் விசில் ஊதினாப் போதும்னு கணக்குப் போட்டேன். நாலு முப்பத்தஞ்சு ஆச்சு, வரல. அஞ்சு ஆச்சு. அப்பதான்...” அவர் நிறுத்தினார். “அப்பதான் எனக்கு நம்பிக்கை போச்சு. கூப்பிட்டுட்டாரு, தேடிட்டாங்க, கிடைக்கலன்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சுற்றிலும் தட்டுச் சத்தம், ரொட்டி தட்டும் சத்தம்.

“குளிக்கறப்ப மூஞ்சில தண்ணி பட்டா மூச்சு நின்னுருதுண்ணே,” என்றார். “வாளில மொண்டுதான் குளிக்கறேன். யார்கிட்டயும் சொல்லல. அவருகிட்டகூட. சொன்னா படக வித்துருன்னு சொல்லுவாரு. நானும் சரின்னு சொல்லிருவேன். அதான் சொல்லல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு ரொம்பப் பயமா இருக்குண்ணே.”

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “அவருகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.” போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. தேத்தண்ணியை அவர் தொடவே இல்லை.

இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. மூன்றாவது ஞாயிறு காலை நானும் குமரனும் எங்கள் படகில் தூண்டில்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். டீச்சர் லைஃப் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, வாரை இறுக்கிக்கொண்டு சரிவில் நின்றார்.

“என்னை ஏத்திக்கங்க.”

குமரன் தூண்டில்களைத் திரும்ப இறக்கினான். அவனுக்கு அந்த அளவுக்குப் புத்தி உண்டு. நான் சிவப்புக் கயிற்றை என் ஜாக்கெட்டில் மாட்டினேன். கரையிலிருந்து நூறு மீட்டர்கூடப் போயிருக்கமாட்டோம். டீச்சர் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்தார்.

“திருப்புங்க.”

திருப்பினேன். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, முதலாவது மிதவைவரை போனோம். அதற்கடுத்த வாரம் மறுபடி நூறு மீட்டரில் திரும்பினோம். இப்படியே ஏழெட்டு வாரம். ஒருநாள் மிதவையைத் தாண்டியதும், “கொஞ்சம் நகருங்கண்ணே” என்று ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார். பாதி உபினைச் சுற்றினோம். தூறல் முகத்தில் பட்டபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார், பிறகு திறந்தார்.

தன் சொந்தப் படகில் அவர் தனியாகப் போன நாளுக்கு முன்பே, கணவருக்கு அபுதாபிக்கு வேலை மாற்றலாகியிருப்பது எங்களுக்குத் தெரியும். இன்னும் ஒரு மாதத்தில் குடும்பத்தோடு கிளம்ப வேண்டும். போவதற்குமுன் ஒரு தடவை தனியாகப் போய்வர வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பத்தரைக்குக் கிளம்ப ஆரம்பித்தார். மோந்து பார்ப்பது, தடவிப் பார்ப்பது எல்லாம் முடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. எனக்கு அன்று அது நீளமாகத் தோன்றவில்லை.

அவர் போய் அரை மணி நேரம் கழித்து, கேட்டுப் பக்கமிருந்து அவருடைய கணவர் நடந்து வந்தார். வேலைக்குப் போகும் பூட்ஸ் போட்டிருந்தார். அவர் துறைக்குள் வந்தது அதுதான் முதல்தடவை. தண்ணீருக்கு நேராகப் பார்க்காமல், என்னை மட்டும் பார்த்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

“எத்தன மணின்னு சொல்லியிருக்கா?”

“மூணு.”

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. நான் பெஞ்சைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை. நானும் நின்றேன். வெயில் ஏறியது. ஒன்றரை மணிவாக்கில் நான் சொல்ல ஆரம்பித்தேன். நாலரைக்கு அவர் போன் செய்தபோது நான் யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை, எனக்கு ஒன்றும் தெரியாமலே ஒன்றுமில்லை என்று சொன்னேன், ஆஸ்பத்திரியில் நீங்கள் பிடித்தது போன் செய்யாமல் நின்ற கையைத்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார்.

“நீங்க ஒண்ணும் இல்லன்னு சொன்னீங்கல்ல,” என்றார். “எனக்கு ரொம்ப நிம்மதியா இருந்துச்சு. போய்ப் படுத்துத் தூங்கிட்டேண்ணே. ஒரு மணி நேரம். அவ தண்ணில கெடந்தப்ப நான் ஃபேன் போட்டுத் தூங்கியிருக்கேன். இதை நான் அவகிட்ட இன்னும் சொல்லல.”

நான் கேன்டீனிலிருந்து தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கிவந்தேன். இரண்டு மணி, இரண்டேகால். அவர் இப்போது தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியில் வேர்வை வழிந்தது, துடைக்கவில்லை. இரண்டரை மணியானதும் அவருடைய உதடு அசைய ஆரம்பித்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாற்பதுக்கு மிதவைகளுக்கு அப்பால் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நீலக் கோடு தெரிந்தது. அவர் சட்டென்று கழிப்பறைப் பக்கம் திரும்பி நடந்தார். வந்தபோது முகம் கழுவியிருந்தது, சட்டைக் காலர் நனைந்திருந்தது, கண்கள் சிவந்திருந்தன. என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

டீச்சர் இன்ஜினைத் தணித்துக்கொண்டு சரிவோரத்து மேடைக்குப் பக்கத்தில் வந்தார். முதலில் என்னைப் பார்த்தார். பிறகு தன் கணவரைப் பார்த்தார். அவர் துறைக்குள் நிற்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன, ரெண்டு பேரும் அழுதீங்களா?”

“இல்லையே,” என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

“சரி, கயித்தப் பிடிங்க,” என்று முன்பக்கத்துக் கயிற்றை வீசினார்.

நான் நகரவில்லை. அவருடைய கணவர்தான் பிடித்தார். அதை எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று அவருக்குத் தெரியாது. டீச்சர் படகிலிருந்து ஏறி மேலே வந்து சேரும்வரை, இரண்டு கைகளாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.